கேட்ல நிக்கிறவருக்கும் நெட்வொர்க் தெரியும்

போன வாரம் கொல்லையில மல்லாட்டை பிடுங்கிக்கிட்டு இருந்தோம். நடுவுல தம்பி போன் பண்ணான். "அண்ணா, வேலை கிடைச்சிடுச்சு. நெட்வொர்க் சப்போர்ட், நைட் ஷிஃப்ட்." சந்தோஷம்தான். ஆனா இந்த வேலைக்கு அவன் அலைஞ்ச அலைச்சலை நினைச்சா கோபமும் வருது. அதை ஐடி கம்பெனியில வேலை பார்க்கிற உங்ககிட்டதான் சொல்லணும்.

எங்க வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போறது புதுசு இல்ல. கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊருக்கு ராணுவப்பேட்டைன்னே பேரு. என் தம்பி பிளஸ் டூ முடிச்ச கையோட சிக்னல்ஸ் பிரிவுல சேர்ந்தான். ஜபல்பூர்ல பயிற்சி, மொத்தம் 17 வருஷம் சர்வீஸ். ரேடியோ, எக்ஸ்சேஞ்ச், ஃபைபர் கேபிள், ரூட்டர் எல்லாம் அவன் கையில புழங்கினதுதான். லடாக் பனியில நடுராத்திரி லைன் அறுந்தா, விடியறதுக்குள்ள தேடிப் போய் ஒட்டியாகணும். லைன் இல்லன்னா முன்னால நிக்கிறவனுக்குச் சேதி போகாது.

பென்ஷனோட ஊருக்கு வந்தப்போ அவனுக்கு வயசு 36. சென்னையில ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனான். அங்க இருந்த பையன் கேட்ட முதல் கேள்வி, "டிகிரி இல்லையா சார்?" 15 வருஷம் சர்வீஸ் போட்டவங்களுக்குப் பட்டப்படிப்புக்குச் சமம்னு பட்டாளத்துல ஒரு சான்றிதழ் தர்றாங்க. மத்திய அரசு குரூப் சி வேலைக்கு அது செல்லும். இவங்க விண்ணப்பத்துல அதுக்கு இடமே இல்லையாம். கடைசியா ரொம்ப மரியாதையா, "செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை காலி இருக்கு, சொல்லட்டுமா சார்?"னு கேட்டிருக்கான்.

ஆகஸ்ட் 15 வந்தா ஸ்டேட்டஸ்ல சல்யூட் வைக்கிறீங்க. மறுநாள் அதே ஆளு ரெஸ்யூமோட வந்தா வாசலைக் காட்டுறீங்க. இது என்ன நியாயம்?

"பட்டாளத்துல கத்துக்கிட்டது வேற, இங்க கிளவுட், லினக்ஸ் எல்லாம் தெரியணுமே"ன்னு கேப்பீங்க. வாஸ்தவம். தம்பிக்கும் தெரியலதான். எட்டு மாசம் வீட்டுல உக்காந்து படிச்சான், சிசிஎன்ஏ பரீட்சை பாஸ் பண்ணான். காலேஜ் முடிச்சு வர்ற பையனுக்கு மட்டும் சம்பளமும் கொடுத்து மாசக்கணக்குல டிரெயினிங் தர்றீங்களே, அவன் என்ன எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா வர்றான்?

எங்க ஊர்க்காரங்க மேலயும் தப்பு இருக்கு. ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடியே ராணுவ மறுவாழ்வு இயக்குநரகம் மூலமா கம்ப்யூட்டர் கோர்ஸ் எல்லாம் படிக்கலாம். நாங்கதான் "பென்ஷன் வருதுல்ல, ஏடிஎம் வாசல்ல உக்காந்தா போதும்"னு சொல்லிச் சொல்லியே அவங்களை முடக்கிடுறோம். நானும் தம்பிகிட்ட அப்படித்தான் சொன்னேன். அவன் கேக்கல, நல்ல வேளை.

அவனுக்காவது பென்ஷன் இருக்கு. 2022-ல வந்த அக்னிபத்ல சேர்ந்த பசங்களுக்கு அதுவும் கிடையாது. 4 வருஷம் சர்வீஸ், அதுல 25 சதவீதம் பேருக்கு மேல நிரந்தரம் இல்ல. மிச்சப் பேர் சுமார் 11.71 லட்சம் ரூபாயோட, இருபத்தி சொச்சம் வயசுல வீட்டுக்கு வருவாங்க. எங்க தெருவுலயே அப்படி ஒருத்தன் இருக்கான். சொன்ன நேரத்துக்கு எந்திரிக்கவும், ராத்திரி முழுக்க முழிச்சிருந்து வேலை பார்க்கவும் பழகின பசங்க. அவங்களையும் கேட்லயே நிறுத்தப் போறீங்களா?

ஒண்ணு செய்யுங்க. நாளைக்கு ஆபீஸ் போறப்போ கேட்ல நிக்கிறவர்கிட்ட, "பட்டாளத்துல எந்தப் பிரிவு சார்?"னு கேளுங்க. சிக்னல்ஸ்னு சொன்னார்னா, அவர் ரெஸ்யூமை வாங்கிட்டுப் போய் உங்க மேனேஜர் மேசையில வைங்க. டிகிரி கட்டத்தைத் தாண்டி ஒருத்தராவது படிக்கட்டும்.

மேகம் கருக்குது. காய வெச்ச மல்லாட்டையை அள்ளணும், வரேன்.