மஞ்சள் மூடித் தொட்டிக்கு வந்த சோதனை!

குட்டீஸ், ஆஸ்திரேலியாவில் பல ஊர்களில் வீட்டு வாசலில் சக்கரம் வைத்த பெரிய குப்பைத் தொட்டிகளைப் பார்க்கலாம். ஒன்றில் சாதாரணக் குப்பை போடுவார்கள். மஞ்சள் மூடி போட்ட தொட்டியில் பழைய காகிதம், அட்டைப் பெட்டி, கண்ணாடி பாட்டில், டின், பிளாஸ்டிக் பாட்டில் ஆகியவற்றைப் போடுவார்கள். மஞ்சள் மூடித் தொட்டிக்குத் தனி லாரி வரும். அதில் போவதெல்லாம் மறுபடியும் காகிதமாகவும் பாட்டிலாகவும் மாறும் என்பது மக்களின் நம்பிக்கை.

2018 ஏப்ரலில் இந்த நம்பிக்கை மீது ஒரு நகர மன்றம் குண்டைத் தூக்கிப் போட்டது! குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனுக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கிறது இப்ஸ்விச் நகரம். அப்போது அங்கே சுமார் 2 லட்சம் பேர் வசித்தார்கள். மஞ்சள் மூடித் தொட்டியில் சேருவதையும் இனி மற்ற குப்பையோடு சேர்த்து மண்ணில் புதைக்கப் போவதாக அறிவித்தார், அந்த ஊர் மேயர் ஆண்ட்ரூ ஆன்டனியோலி.

ஏன் அப்படிச் சொன்னார்? குப்பையைத் தரம் பிரித்து விற்கும் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றிவிட்டன. அதைக் கொடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் கூடுதல் செலவாகும். வீட்டு வரியை 2 சதவீதம் வரை உயர்த்த வேண்டியிருக்கும் என்று கணக்குக் காட்டியது மன்றம்.

கட்டணம் திடீரென்று ஏறியதற்குக் காரணம் சீனா. பல ஆண்டுகளாகப் பணக்கார நாடுகளின் பழைய காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் கப்பல் கப்பலாக வாங்கி வந்த நாடு அது. அழுக்குக் கலந்த சரக்கு வந்து குவிந்ததால், 2018 ஜனவரி முதல் 24 வகைக் கழிவுகளுக்குத் தடை போட்டது. மற்றவற்றிலும் வேண்டாத பொருள் 0.5 சதவீதத்துக்கு மேல் கலந்திருக்கக் கூடாது என்றது. அதாவது 1,000 கிலோ அட்டையில் 5 கிலோதான் அழுக்கு இருக்கலாம்!

இப்ஸ்விச் தொட்டிகளின் நிலைமை என்ன தெரியுமா? அவற்றில் பாதியளவு போடக் கூடாத பொருட்கள் என்று மன்றமே சொன்னது. எண்ணெய் ஊறிய பீட்சா அட்டை பக்கத்தில் இருக்கும் நல்ல காகிதத்தையும் கெடுத்துவிடும். பிளாஸ்டிக் பை, தரம் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் சுற்றிக்கொள்ளும். உடனே இயந்திரத்தை நிறுத்தி, ஆட்கள் இறங்கி வெட்டி எடுக்க வேண்டும். இந்தச் செலவெல்லாம் கடைசியில் ஒப்பந்தக் கட்டணத்தில்தான் வந்து நிற்கும்.

நம் ஊர் பழைய பேப்பர்காரரை நினைத்துப் பாருங்கள். நனைந்த பேப்பரை அவர் தராசில் வைப்பாரா? மாட்டார். விலை இறங்கினாலும் அதை உடனே சொல்லிவிடுவார். இப்ஸ்விச்சில் அந்தக் கண்டிப்பு எதுவும் மக்கள் கண்ணில் படவே இல்லை. தொட்டி நிறைந்தது, லாரி வந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. குப்பையைப் புதைப்பதற்கு அரசு வாங்கும் வரியை குயின்ஸ்லாந்து 2012-ல் நீக்கிவிட்டது. பக்கத்து மாநிலத்திலுள்ள சிட்னியிலோ அந்த வரி டன்னுக்கு 100 டாலருக்கும் மேல். அதனால் சிட்னி குப்பை லாரி லாரியாக எல்லை தாண்டி, இப்ஸ்விச் பக்கத்துக் குழிகளுக்கே வந்தது! புதைப்பது இவ்வளவு மலிவாக இருந்தால், மறுசுழற்சி எப்போதும் வீண் செலவாகத்தானே தெரியும்?

அறிவிப்பு வந்ததும் மக்கள் கொதித்துப் போனார்கள். சில நாட்களிலேயே மன்றம் பின்வாங்கி, மறுசுழற்சி தொடரும் என்று அறிவித்தது. செலவை ஒளிக்காமல் சொன்னதற்காக மன்றத்தைப் பாராட்டலாம். ஆனால் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தது சரியில்லை. பிரித்துப் போடும் பழக்கம் விட்டுப் போனால், அதைத் திரும்பக் கொண்டு வருவது 20 லட்சம் டாலரை விடப் பெரிய வேலை.

விக்டோரியா மாநிலத்தில் 2019-ல் வேறு மாதிரிச் சிக்கல். அங்கே எஸ்.கே.எம். என்ற நிறுவனம் நொடித்துப் போனது. பல மன்றங்கள் அந்த ஒரே நிறுவனத்தை நம்பியிருந்ததால், அவற்றின் காகிதமும் பாட்டிலும் குழிக்குப் போயின.

அதன் பிறகு நிறைய மாறியிருக்கிறது. குயின்ஸ்லாந்தில் 2018 நவம்பர் முதல் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 சென்ட் கிடைக்கிறது. 2019 ஜூலையில் புதைக்கும் வரி டன்னுக்கு 75 டாலராகத் திரும்பி வந்தது. தரம் பிரிக்காத பிளாஸ்டிக்கை வெளிநாட்டுக்கு அனுப்ப 2021-லும், கலப்புக் காகிதத்தை அனுப்ப 2024-லும் ஆஸ்திரேலிய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது.

ஆனாலும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தால் ஒவ்வொரு மன்றத்திலும் அதே பேச்சுதான். பழைய காகிதத்தின் விலை இறங்கினால் நஷ்டம் யாருக்கு? ஏறினால் லாபத்தில் ஊருக்குப் பங்கு உண்டா? தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யார் எட்டிப் பார்ப்பது? இப்போது சில ஊர்களில் ஆள் வைத்தே பார்க்கிறார்கள். தப்பான பொருள் கிடந்தால் தொட்டியில் ஒரு அட்டையைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். மறுபடி மறுபடி தப்பு நடந்தால், லாரி அந்த வீட்டுத் தொட்டியைத் தொடாமலே போய்விடும்!