மாநகர் மன்றக் குத்தகைகளும் சிறு வணிகரின் ஆயத்தமும்

திருவிழாக் காலம் வந்துவிட்டால் கூடாரம் அமைப்போர், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோர், சமையல் குத்தகையாளர், மின்விளக்கு அலங்காரம் செய்வோர், துப்புரவுப் பணியாளர்களை அனுப்பும் நிறுவனத்தார் என்று இந்தியச் சிறு வணிகர் பலர் இரவு பகல் பாராது உழைக்கின்றனர். விழா முடிந்ததும் கூடாரங்களும் கருவிகளும் கிடங்கிற்குத் திரும்பி, அடுத்த விழாவை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. ஆனால், இதே பொருள்களும் சேவைகளும் ஆண்டு முழுவதும் தேவைப்படும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தலைநகரிலேயே இருக்கிறார். அவர்தான் கோலாலம்பூர் மாநகர் மன்றம்.

1972 பிப்ரவரி 1ஆம் நாள் மாநகர் தகுதி பெற்ற கோலாலம்பூரில் சாலைகளும் கால்வாய்களும் பூங்காக்களும் சந்தைகளும் பொது மண்டபங்களும் பராமரிக்கப்பட வேண்டும். அதற்கான எல்லா வேலைகளையும் மன்றம் தன் ஊழியர்களைக் கொண்டே செய்வதில்லை. பெரிய வேலைகள் பெரிய நிறுவனங்களுக்குச் செல்கின்றன. மரக்கிளை வெட்டுதல், கட்டடத் துப்புரவு, அச்சு வேலை, சீருடை, கூடாரம், உணவு போன்றவை சிறிய நிறுவனங்களாலும் செய்யக்கூடியவை. அவற்றைப் பெறுவதில் இந்தியச் சிறு வணிகர் ஏன் பின்தங்குகின்றனர் என்பது ஆராயத்தக்கது.

“ஆள் தெரிந்தால்தான் குத்தகை கிடைக்கும்” என்பது பலர் வாயிலும் வரும் முறையீடு. அதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சில டெண்டர்கள் பூமிபுத்ரா தகுதி பெற்ற நிறுவனங்களுக்கென ஒதுக்கப்படுவதும் உண்மை. ஆயினும் எல்லாருக்கும் திறந்துவிடப்படும் டெண்டர்களிலும் ஒரு விண்ணப்பம் முதல் சுற்றிலேயே கழிக்கப்படலாம். அதற்குக் காரணம் வேறு. பத்திரம் குறைவாக இருக்கும். அல்லது விலை பிழையாக இருக்கும். இவ்விரண்டையும் திருத்துவது வணிகரின் கையிலேயே உள்ளது.

2025 ஆகஸ்டு மாதத்தில் நாடாளுமன்ற மக்களவை அரசாங்கக் கொள்முதல் மசோதாவை நிறைவேற்றியது. அதுவரை அரசாங்கக் கொள்முதலுக்கென்று தனிச் சட்டம் இருந்ததில்லை. நிதியமைச்சின் சுற்றறிக்கைகளும் 1949, 1957ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்களுமே வழிகாட்டின. முடிவில் மனநிறைவு கொள்ளாதவர் மறுஆய்வு கோரவும், அதன் பின் நடுவர் மன்றத்தில் மேல்முறையீடு செய்யவும் இம்மசோதா இடமளிக்கிறது. வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். ஆனால், நிபந்தனைகளை நிறைவு செய்யாமல் தோற்றவருக்கு எந்த மேல்முறையீடும் உதவாது.

யாரிடம் கேட்பது?

முதல் தவறு முகவரியிலேயே தொடங்குகிறது. தைப்பூச வெள்ளி இரதம் துன் எச்.எஸ்.லீ சாலையிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும்போது மாநகர் மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது. பத்துமலையை அடையும்போது அது சிலாங்கூர் மாநிலத்தின் செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஒரே ஊர்வலம், இரண்டு ஊராட்சி மன்றங்கள். குத்தகைகளின் நிலையும் இதுவே. ஒரு மன்றத்தில் பெற்ற உரிமமோ அறிமுகமோ மற்றொன்றில் செல்லாது.

குப்பை அகற்றும் பணியும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நடப்புக்கு வந்தபின், கோலாலம்பூரில் அப்பொறுப்பு கூட்டரசின் கீழ்ச் சென்றுவிட்டது. சிலாங்கூரும் பினாங்கும் அச்சட்டத்தை ஏற்கவில்லை. ஆகவே, எந்த வேலையை யார் வாங்குகிறார் என்பதை அறிந்த பின்னரே விண்ணப்பத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

பதிவு இன்றேல் பங்கு இல்லை

பொருள் வழங்கவும் சேவை செய்யவும் விரும்பும் நிறுவனம் நிதியமைச்சில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்கத் துறைக் குறியீடு உண்டு. டெண்டர் அறிவிப்பில் கேட்கப்படும் குறியீடு நிறுவனத்தின் சான்றிதழில் இல்லையென்றால், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும் பயனில்லை. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். அது காலாவதியான மறுநாள் தமக்குப் பொருத்தமான டெண்டர் வெளிவந்து, கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் நிலை வரக்கூடாது.

கட்டட, சாலை, கால்வாய் வேலைகளுக்குக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பதிவு கட்டாயம். ஜி1 முதல் ஜி7 வரை ஏழு தரங்கள் உள்ளன. மிகச் சிறிய வேலைகளுக்கு ஜி1. உச்சவரம்பு இல்லாதவர் ஜி7. இப்பதிவோடு அரசாங்க வேலைகளுக்கான தனிக் கொள்முதல் சான்றிதழும் வேண்டும். முதலாவதை மட்டும் பெற்றுவிட்டு இரண்டாவதை மறந்துவிடக் கூடாது. ஜி1 குத்தகையாளருக்குரிய சிறு வேலைகள் குலுக்கல் முறையில் வழங்கப்படுவதும் உண்டு. அங்கே ஆள் அறிமுகத்திற்கு வேலையில்லை. பதிவும் வருகையும்தான் கணக்கு.

அறிவிப்பிலிருந்து பெட்டி வரை

உள்நாட்டு டெண்டருக்குக் குறைந்தது 21 நாளும், விலைப்புள்ளிக்குக் குறைந்தது 7 நாளும் அவகாசம் தரப்பட வேண்டும் என்பது நிதியமைச்சு வகுத்த முறை. இந்த நாள்களுக்குள் பத்திரம் சேர்க்கத் தொடங்குவோர் பெரும்பாலும் தோற்கின்றனர். முன்பே சேர்த்து வைத்தவர் விலையைக் கணக்கிட அந்நாள்களைப் பயன்படுத்துகின்றனர்.

அறிவிப்பை முதல் வரியிலிருந்து படிப்பது நன்று. பூமிபுத்ராவுக்கு ஒதுக்கப்பட்டதா, திறந்த டெண்டரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பத்திரக் கட்டணம் வீணாகாது. வேலைத்தள விளக்கக் கூட்டம் கட்டாயம் என்று குறிப்பிட்டிருந்தால், பெயர் பதிவான பொறுப்பாளரே செல்ல வேண்டும். கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, முன்பு செய்த வேலைகளின் சான்று, ஊழியர் சேமநிதி, சொக்சோ செலுத்திய பற்றுச்சீட்டுகள் ஆகியவை ஒரே கோப்பில் இருக்கட்டும். ஒரு கையொப்பம் விடுபட்டாலும் விண்ணப்பம் தள்ளப்படலாம். நண்பகல் 12 மணிக்குப் பெட்டி மூடப்படும் என்றால் 12.05க்கு வந்தவரின் விண்ணப்பம் ஏற்கப்படாது.

குறைந்த விலையே வெற்றி தருமா?

எல்லாரையும்விடக் குறைத்துக் கேட்டால் குத்தகை கிடைத்துவிடும் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இது பாதி உண்மையே. கட்டுமான டெண்டர்களை மதிப்பிடும்போது, துறையின் சொந்த மதிப்பீட்டையும் வந்த விலைகளின் சராசரியையும் கொண்டு ஓர் அடிமட்ட விலை கணக்கிடப்படும் முறை உண்டு. அதற்கும் கீழே கேட்டவர், வேலையை முடிக்க இயலாதவர் என்று கருதப்பட்டு ஒதுக்கப்படுவார்.

துப்புரவுக் குத்தகை ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. பத்து உள்நாட்டுத் தொழிலாளர்களுக்கு மாதம் 17,000 வெள்ளி. முதலாளி செலுத்த வேண்டிய சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 2,210 வெள்ளி. ஆக மாதம் 19,210. ஆண்டுக்கு 230,520 வெள்ளி. சொக்சோ, விடுப்பில் சென்றவருக்கு மாற்றாள், துடைப்பம், மருந்து, வாகனம் எதுவும் இதில் சேரவில்லை. இவ்வேலையை 220,000 வெள்ளிக்கு எடுப்பவர் முதல் துடைப்பம் வாங்குமுன்னரே நட்டத்தில் நிற்கிறார். பின்னர் அவர் எதைக் குறைப்பார்? தொழிலாளரின் சேமநிதியைத்தான். அந்தத் தொழிலாளர்களில் பலர் இந்தியக் குடும்பத் தலைவிகள் என்பதை எண்ணும்போது, பிழையான விலை ஒருவரை மட்டும் பாதிப்பதன்று என்பது விளங்கும். ஆழம் அறியாமல் காலை விடலாகாது.

வேலை கிடைத்த பின்

ஏற்புக் கடிதம் கையில் கிடைத்ததும் பணம் வந்துவிடுவதில்லை. கட்டுமான வேலைக்கு ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு உத்தரவாதமாக வைக்கப்பட வேண்டும். 400,000 வெள்ளி வேலைக்கு அது 20,000 வெள்ளி. வங்கி உத்தரவாதம் தர இயலாதவர், ஒவ்வொரு தவணையிலும் 10 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு அத்தொகையை நிரப்பும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். எவ்வாறாயினும் முதல் பட்டியலுக்குப் பணம் வரும்வரை சம்பளம் கொடுக்கக் கைமுதல் வேண்டும்.

சொந்தமாகப் பெரிய வேலை எடுக்க இயலாதவர் பெரிய குத்தகையாளரிடம் துணைக் குத்தகையாகச் செய்து அனுபவச் சான்று சேர்க்கலாம். “மேலிடத்திலிருந்து பணம் வந்தால்தான் தருவேன்” என்று அவர் இழுத்தடித்தால், 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பிலுள்ள கட்டுமானப் பண வழங்கல், தீர்ப்பளிப்புச் சட்டம் துணைக்கு உண்டு. அத்தகைய நிபந்தனை அச்சட்டப்படி செல்லாது. ஆனால், எழுத்து வடிவில் ஒப்பந்தம் இல்லாமல், வாய்வார்த்தையை நம்பி வேலை செய்தவருக்கு அச்சட்டம் கைகொடுக்காது.

இடைத்தரகரிடம் எச்சரிக்கை

“இத்தனை விழுக்காடு கொடு, குத்தகை உன்னுடையது” என்று வருவோர் எக்காலத்திலும் உண்டு. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. நிறுவனத்தின் சார்பில் ஒருவர் கையூட்டுக் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளியாகும். அபராதம் கையூட்டைப் போல் பத்து மடங்கு அல்லது 10 லட்சம் வெள்ளி, இவற்றுள் எது அதிகமோ அது. 20 ஆண்டு வரை சிறையும் உண்டு. அண்ணன் தம்பி, மைத்துனர் பெயர்களில் மூன்று நிறுவனங்கள் பேசிவைத்து விலை போடுவதும் 2012 முதல் நடப்பிலுள்ள போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்ட செயல். பதிவுச் சான்றிதழைப் பிறருக்கு வாடகைக்கு விடுவோர் பதிவையே இழக்க நேரிடும்.

வணிகர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் இதில் ஆற்றக்கூடிய பணி உண்டு. ஆலயத் திருப்பணிக்கும் திருவிழாவுக்கும் வேலை செய்தவருக்கு, எந்த நாளில் எவ்வளவு மதிப்புள்ள வேலையை எவ்வாறு முடித்தார் என்று முறையான கடிதம் வழங்கினால், அதுவே அவருடைய முதல் அனுபவச் சான்றாக அமையும். விலைப்புள்ளி கேட்டு, கணக்கோடு பணம் கொடுத்துப் பழக்கினால், பெரிய மன்றங்களின் நடைமுறைக்கும் அவர் தயாராவார்.

மாநகர் மன்றத்தின் கதவு எல்லாருக்கும் ஒரே அளவு திறந்திருக்கிறது என்று கூற முடியாது. ஆயினும் திறந்திருக்கும் அளவுக்குள் நுழையவும் கையில் பத்திரமும் கணக்கில் நேர்மையும் வேண்டும். விழா முடிந்து கூடாரங்கள் கிடங்கிற்குத் திரும்பும் ஓய்வு நாள்களே அந்த ஆயத்தத்திற்கு ஏற்ற காலம்.