தரமணி டு திருவான்மியூர்: மணலில் விழுந்த மோதிரத்தை மெட்டல் டிடெக்டர் மீட்டுத் தருமா?

தரமணியில் ஐ.டி. வேலை பார்ப்பவர்களுக்கு மெட்டல் டிடெக்டர் புதுசு இல்லை. ஆபீஸ் வளாக வாசலில் ஒன்று, மாலில் ஒன்று, மெட்ரோ ஸ்டேஷனில் ஒன்று. 'பீப்' சத்தம் வந்தால் சாவியையோ பெல்ட்டையோ காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நம்மிடம் இருப்பதைக் கண்டுபிடிக்கும் இந்தக் கருவி, நாம் தொலைத்ததையும் கண்டுபிடித்துத் தருமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஷிஃப்ட் முடிந்ததும் தரமணி பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான திருவான்மியூரில் இறங்கி, நண்பர்களோடு பீச்சுக்குப் போகிறீர்கள். தண்ணீரில் கால் நனைத்து, மணலில் உட்கார்ந்து, கையைத் தட்டிக்கொண்டு எழும்போது விரலில் மோதிரம் இல்லை. போன் டார்ச்சை அடித்து நான்கு பேர் அரை மணி நேரம் கிளறுகிறீர்கள். "விடு மச்சி, போனது போச்சு" என்கிறான் ஒருத்தன். ஆனால் அப்படி விட முடியாது. 2025 அக்டோபரில் சென்னையில் ஒரு சவரன் ஆபரணத் தங்கம் 90 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அந்தக் கணக்கில் அரை சவரன் மோதிரம் 45 ஆயிரம். அது நிச்சயதார்த்த மோதிரமாகவோ பாட்டி கொடுத்ததாகவோ இருந்தால் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

சரி, அப்போ என்னதான் பண்றது?

கருவி எப்படி வேலை செய்கிறது?

மெட்டல் டிடெக்டரின் அடிப்பகுதியில் இருக்கும் வட்டமான தட்டுக்குள் கம்பிச் சுருள் இருக்கும். அதில் மாறி மாறி மின்சாரம் பாயும்போது சுற்றிலும் ஒரு காந்தப்புலம் உருவாகிறது. அந்தப் புலம் மணலுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தொட்டால், உலோகத்துக்குள் சின்னச் சின்ன சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். அவை தங்கள் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உருவாக்கும். அதை இன்னொரு சுருள் பிடித்து 'பீப்' என்று சொல்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இதன் அடிப்படை. பள்ளியில் படித்த அதே பாடம்.

இதிலிருந்து நகை தொலைத்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் நான்கு.

முதலாவது, மோதிரம் சுலபம், செயின் கஷ்டம். மோதிரம் ஒரு முழு வளையம். அதனால் சுழல் மின்னோட்டம் தடையில்லாமல் ஓடும், சிக்னல் பளிச்சென்று வரும். மெல்லிய செயினில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி குட்டி வளையம். எடை இரண்டு சவரன் இருந்தாலும் கருவிக்கு அது கொக்கி அளவுக்குத்தான் தெரியும். தோட்டின் திருகாணியைக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம்.

இரண்டாவது, தங்கமும் குப்பையும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சின்ன மோதிரம் தரும் சிக்னலும், சிகரெட் பாக்கெட்டின் ஃபாயில் தரும் சிக்னலும் பக்கத்துப் பக்கத்தில் வரும். எலியட்ஸ் பீச் மாதிரி கூட்டம் கூடும் இடத்தில் பீப் அடிக்கும் ஒவ்வொரு இடத்தையும் தோண்டித்தான் பார்க்க வேண்டும். ஃபாயிலை ஒதுக்கும்படி கருவியை செட் பண்ணினால், மோதிரத்தையும் அது ஒதுக்கிவிடலாம்.

மூன்றாவது, உப்புத் தண்ணீர். ஈரமான கடல் மணலே மின்சாரத்தைக் கடத்தும். சாதாரண ஒற்றை அலைவரிசைக் கருவி அலையோரத்தில் சும்மா சும்மா கத்தும். அங்கே பல அலைவரிசைகளில் வேலை செய்யும் கருவியோ, துடிப்பு முறையில் இயங்கும் கருவியோதான் எடுபடும்.

நான்காவது, கீழே போகும் வேகம். 22 கேரட் தங்கம் மணலைவிட ஆறு மடங்குக்கும் மேல் அடர்த்தி கொண்டது. அலை வந்து மணலை இளக்கும்போதெல்லாம் மோதிரம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். சாதாரணக் கருவிகள் ஒரு மோதிரத்தை ஒரு சாண் ஆழம் வரை பிடித்தாலே பெரிய விஷயம். எனவே தாமதம்தான் முதல் எதிரி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆப் ஸ்டோரில் கிடைக்கும் 'மெட்டல் டிடெக்டர்' ஆப்களை நம்பி நேரத்தை வீணடிக்காதீர்கள். அவை போனில் திசைகாட்டிக்காக இருக்கும் காந்த உணரியைத்தான் பயன்படுத்துகின்றன. இரும்புக்கு அது அசையும். தங்கத்துக்கு அசையாது.

ஜனாதிபதியின் குண்டும் பெல்லின் கருவியும்

1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோனுக்குப் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரஹாம் பெல், உலோகத்தைக் கண்டறியும் கருவி ஒன்றை அவசரமாகத் தயாரித்துக் கொண்டுவந்தார். அதே தூண்டல் தத்துவம்தான். கருவி வேலை செய்தது, ஆனாலும் குண்டு கிடைக்கவில்லை. மெத்தைக்குள் இருந்த இரும்புக் கம்பிகள் சிக்னலைக் குழப்பின. தலைமை டாக்டரோ, குண்டு வலது பக்கம்தான் இருக்கும் என்று நம்பி அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்தது இடது பக்கம். செப்டம்பரில் கார்ஃபீல்ட் இறந்துபோனார்.

140 வருஷம் கழித்தும் இதே கதைதான். எங்கே தேட வேண்டும் என்று மனுஷன் சரியாகச் சொன்னால்தான் கருவி உதவும்.

நம் ஊரில் நகையை மீட்பது யார்?

கனடா, அமெரிக்கா, பிரிட்டனில் இதைப் பொழுதுபோக்காகவும் பகுதிநேர வேலையாகவும் செய்பவர்கள் இருக்கிறார்கள். போன் அடித்தால் கருவியோடு வருவார்கள். கிடைத்தால் சன்மானம், இல்லாவிட்டால் வண்டிச் செலவு. நம் ஊரில் அந்தப் பழக்கம் இன்னும் வேர் பிடிக்கவில்லை. அதற்காக இங்கே தொலைந்த நகை எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை என்று நினைக்க வேண்டாம். கிடைக்கிறது. பெரும்பாலும் கருவி இல்லாமல், வெறும் கையால்.

2021 அக்டோபரில் திருவொற்றியூரில் குப்பையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் கையில் 100 கிராம் தங்க நாணயம் கிடைத்தது. அவர் அதை ஒப்படைத்தார், போலீஸ் மூலம் உரியவருக்குப் போய்ச் சேர்ந்தது. 2024 ஜூலையில் விருகம்பாக்கத்தில் ஒரு குடும்பத்தின் வைர நெக்லஸ் தவறிக் குப்பையோடு போய்விட்டது. மாநகராட்சிக்குத் தகவல் போனதும் பணியாளர்கள் அந்தப் பகுதித் தொட்டிகளைக் கிளறினார்கள். குப்பையில் கிடந்த மாலையில் சிக்கியிருந்த நெக்லஸை வண்டி ஓட்டுநர் கண்டெடுத்துக் கொடுத்தார். மதிப்பு சுமார் 5 லட்சம் ரூபாய்.

திருச்செந்தூரில் கடலில் குளிக்கும்போது பக்தர்கள் தவறவிடும் சங்கிலியையும் மோதிரத்தையும், கோயிலின் கடல் பாதுகாப்புப் பணியாளர்களும் சிப்பி அரிக்கும் தொழிலாளர்களும் தேடி எடுத்துக் கொடுக்கும் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. மணலை அரிக்கும்போது லேசானது அலசிப் போகும், கனமானது தங்கும். மெட்டல் டிடெக்டர் மின்சாரத்தை வைத்துத் தேடுகிறது. இவர்கள் எடையை வைத்துத் தேடுகிறார்கள். மெல்லிய செயின் விஷயத்தில் கருவியைவிடச் சல்லடைக்கே வாய்ப்பு அதிகம்.

இந்தச் செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன. சால்வை, போட்டோ, 'நேர்மைக்குக் குவியும் பாராட்டு'. மறுநாள் நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். 2025 ஆகஸ்ட்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், தனியார்மயத்தை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் ரிப்பன் மாளிகை முன்பு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. நம் நகையை நம்பி ஒப்படைக்கக்கூடிய கைகளுக்கு ஒரு நிரந்தர வேலையை நம்பி ஒப்படைக்க நகரம் தயங்குகிறது. இதைப் பேசாமல் அவர்களின் நேர்மையை மட்டும் பாராட்டுவது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கண்டெடுத்தவருக்கு என்ன உரிமை?

'கீழே கிடந்தா எடுத்தவனுக்குத்தான் சொந்தம்' என்பது சினிமா வசனமாக இருக்கலாம், சட்டம் இல்லை. தொலைந்த பொருளை எடுத்தவர், அதை வேறொருவருக்காகப் பாதுகாத்து வைப்பவருக்கு உள்ள பொறுப்போடு வைத்திருக்க வேண்டும் என்கிறது 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 71. உரிமையாளரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் அமுக்கினால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 314-ன்படி 6 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு.

ஆனால் அதே ஒப்பந்தச் சட்டம் எடுத்தவர் பக்கமும் நிற்கிறது. தேடவும் பாதுகாக்கவும் ஆன செலவும் சிரமமும் ஈடுகட்டப்படும் வரை பொருளைத் தன்னிடமே வைத்திருக்க, பிரிவு 168 அவருக்கு உரிமை தருகிறது. அந்த ஈட்டுக்காக வழக்குப் போட முடியாது. ஆனால், 'கண்டுபிடித்துத் தந்தால் இவ்வளவு தருகிறேன்' என்று உரிமையாளர் தொகை சொல்லி அறிவித்திருந்தால், அந்தத் தொகைக்காக வழக்கே போடலாம். எனவே "தக்க சன்மானம் வழங்கப்படும்" என்று மொட்டையாக ஸ்டேட்டஸ் போடாதீர்கள். தொகையைச் சொல்லுங்கள். அப்போது அது தயவு இல்லை, கூலி.

ஒரு எச்சரிக்கை. கருவி வாங்கியதும் கண்ட இடத்தில் தோண்டக் கிளம்ப வேண்டாம். மண்ணுக்குள் மறைந்திருக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ன் புதையல் சட்டம். மாமல்லபுரம் போன்ற பாதுகாக்கப்பட்ட தொல்லியல் பகுதிகளில் அனுமதியில்லாமல் தோண்டுவதே குற்றம். ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை மணலில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும். அந்த மாதங்களில் கூடுதல் கவனம் தேவை.

முதல் ஒரு மணி நேரம்

பீச்சில் என்றால் எல்லோரும் அப்படியே நில்லுங்கள். கிளறினால் மோதிரம் இன்னும் உள்ளே போகும். உட்கார்ந்திருந்த இடத்தில் செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ அடையாளமாக வையுங்கள். லொகேஷனை சேவ் பண்ணி, சுற்றிலும் போட்டோ எடுங்கள். கட்டம் கட்டமாகப் பிரித்து, கைப்பிடி கைப்பிடியாக மணலைச் சல்லடையில் சலியுங்கள். பக்கத்துக் கடையில் கேட்டால் ஒரு சல்லடை கிடைக்கும்.

குப்பையில் போயிருந்தால் உடனே 1913-க்கு அடியுங்கள். தென் சென்னைக் குப்பை கடைசியில் போய்ச் சேருவது பெருங்குடிக் கிடங்கு. அங்கே போவதற்குள் வண்டியைப் பிடித்தால்தான் வாய்ப்பு. பறக்கும் ரயிலில் விட்டிருந்தால் 139. உள்ளூர் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தமிழ்நாடு போலீஸின் ஆன்லைன் தொலைந்த ஆவண அறிக்கை, பெயரே சொல்வதுபோல் ஆவணங்களுக்குத்தான். நகைக்கு நேரில் போக வேண்டும்.

அப்புறம் ஆதாரம். பில் இல்லாத காலத்தில் கண்ணகி தன் சிலம்பை உடைத்தே நிரூபிக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்த நிலைமை இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் விற்கும் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் கட்டாயம். அதை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் தூய்மை, நகை வகை, கடை விவரம் வரும். உங்கள் பெயர் வராது. எனவே பில்லும் எண்ணும் நகையும் தெரியும் போட்டோ உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மாநகராட்சி என்ன செய்யலாம்?

மெரினா, எலியட்ஸ், திருவான்மியூர் மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நல்ல கருவிகள். பயிற்சி பெற்ற நான்கு பேர். கடற்கரையில் ஏற்கெனவே மணலைச் சுத்தம் செய்பவர்களையே இதற்குப் பயன்படுத்தலாம், கூடுதல் ஊதியத்தோடு. தொலைந்ததையும் கிடைத்ததையும் பதிய ஒரே ஒரு பக்கம். கண்டெடுத்துக் கொடுக்கும் பணியாளருக்கு, நகையின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று எழுதிவைத்த சன்மானம். தொடக்கநிலைக் கருவி ஒன்று நடுத்தர ஸ்மார்ட்போன் விலைக்குள் கிடைக்கிறது. அலையோரத்தில் எடுபடும் கருவிக்கு அதைவிட அதிகம் ஆகும் என்றாலும், ஒரு மாநகராட்சிக்கு அது பெரிய செலவே இல்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்று ராத்திரி போட்டிருக்கும் நகையைக் கழற்றி, உள்பக்க எண்ணோடு ஒரு போட்டோ எடுத்து, உங்களுக்கே மெயில் பண்ணி வையுங்கள். கழற்றும்போது மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்தால் அடுத்த பீச் ட்ரிப்புக்கு அதை வீட்டிலேயே விட்டுட்டுப் போங்க.