மீசை முளைத்தால் முழு ஆளா?

'மீசை முளைச்சிருச்சு, இனி அவன் முழு ஆளு.' வேதாரண்யம் முதல் கோடியக்கரை வரை எங்கள் பக்கத்து உப்பளங்களிலும் வயல்களிலும் சேரிப் பையன்களின் பருவத்தை இப்படித்தான் கணக்குப் பண்ணுகிறார்கள். சுமை அன்றைக்கே முழுசாகிவிடும். கூலி முழுசாக இன்னும் சண்டை போட வேண்டும்.

உடம்பு வேறு கணக்குச் சொல்கிறது தோழர்களே. ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் பருவம் தொடங்கலாம். முதலில் கையும் காலும் நீளும். 13, 14 வயதுவாக்கில் உயரம் சடசடவென்று ஏறும். டெஸ்டோஸ்டிரோன் என்கிற சுரப்பு தசையைத் திரட்டுகிறது. ஆனால் உயரம் வேகமாக ஏறிய பிறகு ஏறக்குறைய ஒரு வருசம் கழித்துத்தான் பலம் வேகமாகக் கூடுகிறது. எலும்பு நுனிகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். நெடுநெடுவென்று நிற்பவன் முழு ஆள் அல்ல, வளர்கிற பிள்ளை. வயிறு காய்ந்த பிள்ளைக்கு இந்தப் பருவமே தள்ளிப்போகும்.

ஆனால் ஊர்த்தெரு என்ன சொல்கிறது? 'அவனுங்களுக்குப் பொறவியிலயே உழைக்கிற ஒடம்பு, கஞ்சி குடிச்சாலும் மூட்டை தூக்குவான்.' இது பாராட்டு அல்ல. சோறு போடாமல் வேலை வாங்குவதற்கு சாதி கட்டிவைத்த கதை. சுரப்பிக்கு சாதி தெரியாது. சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்த பண்ணைகள் நம்பியதும் இதே கதையைத்தான். இதே தஞ்சை மண்ணில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய வெண்மணியில் 1968-ல் 44 பேரை எரித்தார்கள். கூடுதல் நெல் என்பது பிள்ளைகளின் எலும்பும் தசையும்தானே?

தசை காற்றில் வளராது. 13 முதல் 15 வயதுப் பையனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 45 கிராம் புரதம், 16 முதல் 18 வரை 55 கிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். கருவாடு, நண்டு, நத்தை, மாட்டுக்கறி என்று எதையெல்லாம் 'கீழ்சாதித் தீனி' என்று இழித்தார்களோ, அதுதான் எங்களுக்குப் புரதம் கொடுத்தது. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

1982-ல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் சேரிப் பிள்ளைகளுக்குப் பெரிய துணை. மறுக்கவில்லை. ஆனால் அது பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பையனுக்குத் தசை திரளும் காலத்தில் தட்டைப் பிடுங்கிக்கொள்கிறோம். அதே வயதில்தான் உப்பளம் கூப்பிடுகிறது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 14 வயது தாண்டியவனை ஆபத்தான வேலைகளிலிருந்து மட்டுமே தடுக்கிறது.

அகஸ்தியன்பள்ளியில் 1930-ல் உப்பு அள்ளிய சத்தியாகிரகத்துக்கு நினைவுத் தூண் நிற்கிறது. இன்றைக்கும் உப்பு அள்ளுகிறவர்களின் பிள்ளைகளுக்கு நாம் கேட்பது தூண் அல்ல. முட்டையோடு சத்துணவைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டு. 18 வயது வரை சுமை வேலைக்கு எடுக்காதே. பெற்றவர்களுக்கு, பிள்ளையைப் படிக்கவைத்துச் சோறு போடுகிற அளவுக்குக் கூலி கொடு. மாணவத் தோழர்கள் இந்த மூன்றையும் அவரவர் பள்ளி வாசலிலிருந்தே பேசத் தொடங்க வேண்டும்.