துக்கத்துக்கு எத்தனை பக்கம்?

அமெரிக்க எழுத்தாளர் டோனா டார்ட் பத்தாண்டுக்கு ஒரு நாவல்தான் தருவார்: 1992, 2002, 2013. மூன்றாவதான ‘தி கோல்ட்ஃபின்ச்’ 2014இல் புலிட்சர் பரிசு பெற்றது. எழுநூறு பக்கங்களுக்கு மேல். தாயை இழந்த துக்கம், அதை மறக்கப் பழகிய போதை, இவைதான் கதை.

தொடக்கம் அபாரம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் குண்டு வெடிக்கிறது. பதின்மூன்று வயது தியோ ஒரு சின்ன ஓவியத்தோடு வெளியே வருகிறான். அம்மா வரவில்லை. வீட்டுக்குப் போய் அவள் வந்துவிடுவாள் என்று காத்திருக்கிறான். அந்தப் பக்கங்களில் யாருக்கும் புத்தகத்தை மூட மனம் வராது.

அந்த ‘கோல்ட்ஃபின்ச்’ ஓவியம் உண்மையில் இருப்பது. காரெல் ஃபாப்ரிட்டியஸ் 1654இல் வரைந்தது. ஒரு முழ உயரம்கூட இல்லை. அதே ஆண்டு டெல்ஃப்ட் நகரத்து வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஓவியர் இறந்துபோனார். நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான கரு கிடைக்காது.

கரு கிடைத்தும் நாவல் தளர்ந்துவிடுகிறது. லாஸ் வேகாஸில், சூதாடி அப்பாவின் வீட்டில், நண்பன் போரிஸோடு குடிக்கத் தொடங்கும் தியோ, வளர்ந்தபின் வலிநிவாரணி மாத்திரைகளுக்கு அடிமையாகிறான். வருடக்கணக்கில் விழுங்குகிறான். ஆனாலும் கையில் பணம் ஓடுகிறது; போலி மரச்சாமான்களைப் பழம்பொருள் என்று விற்றுச் சமாளிக்கிறான். பணக்கார வீட்டில் நிச்சயதார்த்தமும் நடக்கிறது. போதை அவனை வாட்டுகிறது, சரி. கூட இருப்பவர்களிடமிருந்து அது எதைப் பிடுங்கியது? தியோவே கதை சொல்வதால் அந்தக் கதவு திறப்பதேயில்லை. கடைசியில் கலை, விதி, அழகு பற்றி நீண்ட பிரசங்கம் வேறு. ‘நியூயார்க்கர்’ இதழில் ஜேம்ஸ் வுட் இந்த நாவலைக் கடுமையாக விமர்சித்தது நியாயமே.

புதுச்சேரியின் சேதராப்பட்டில் இருந்து படிக்கிறவருக்கு இந்தக் குறை இன்னும் உறுத்தும். தொழிற்பேட்டை ஊர். எல்லையைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். மது விலை குறைவு என்பதற்காகவே அங்கிருந்து புதுச்சேரிக்கு ஆட்கள் வருவது வழக்கம். இங்கே குடி என்றால் சம்பள நாள், அடகுக் கடை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அந்த வீடுகளில் மிஞ்சியவர்களைப் பற்றி அல்லவா ஒரு நாவல் பேச வேண்டும்?

தமிழில் ஜி. நாகராஜன் பேசினார். 1974இல் வந்த அவரது ‘நாளை மற்றுமொரு நாளே’ ஒரே ஒரு நாளின் கதை. நாயகன் கந்தனுக்கு விடிந்ததுமே சாராயம் வேண்டும். அந்தக் காசு மனைவி மீனாவின் உடம்பிலிருந்து வருகிறது என்பதை நாவல் மறைப்பதில்லை. குழந்தைகளைப் பறிகொடுத்த துக்கம் அவ்வப்போது தலைகாட்டிவிட்டுப் போகிறது. கந்தனுக்காக ஒரு வரியிலும் அவர் இரக்கம் கேட்கவில்லை. காலச்சுவடு பதிப்பாக இன்றும் கிடைக்கிறது. டார்ட்டின் தடித்த புத்தகத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடலாம், ஒரு பகல் போதும்.