சம்பளச் சீட்டு இல்லாதவரின் வீடு

வேலையை விட்டு சொந்தத் தொழில் தொடங்கியவருக்கு முதல் அதிர்ச்சி பல சமயம் வங்கியில்தான் கிடைக்கிறது. சம்பளத்தில் இருந்தபோது "வீட்டுக் கடன் வேணுமா சார்?" என்று போனில் துரத்தியவர்கள், இப்போது "ரெண்டு வருஷம் போகட்டும்" என்கிறார்கள். வருமானம் கூடியிருக்கலாம். ஆனால் சம்பளச் சீட்டு இல்லை.

அதற்குப் பதிலாக வங்கிகள் கேட்பது, வழக்கமாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு. கூடவே லாப நஷ்டக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட்.

சிக்கல் இங்கேதான். வரிக்குப் பயந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது பலருக்குப் பழக்கம். செலவு போக ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் சம்பாதிக்கும் ஒரு டிசைனர், 4 லட்சம் மட்டும் காட்டுவதாகக் கொள்ளலாம். மாதம் சுமார் 33,000 ரூபாய். இதில் பாதி தவணைக்குப் போகலாம் என்று வங்கி கருதினால், 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடனாக அவருக்குத் தேறுவது சுமார் 18.5 லட்சம். உள்ளதை உள்ளபடி காட்டியிருந்தால் 37 லட்சம்.

தப்புக் கணக்கு சட்டவிரோதம் என்பது ஒருபுறம். மறுபுறம், அதில் லாபமும் இல்லை. 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான தொழில் வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. டிசைனர் மிச்சம் பிடித்த வரி பூஜ்யம். இழந்தது பாதி வீடு.

எனவே தொழிலின் முதல் வருடமே வீட்டுக்கான அஸ்திவாரம். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, வரவெல்லாம் அதன் வழியே, கெடு தவறாமல் வரிக் கணக்குத் தாக்கல். சம்பளம் வாங்கும் கணவரோ மனைவியோ இருந்தால் கூட்டாக விண்ணப்பிக்கலாம். கைப்பணமும் தேவை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவு தனி.

ராஜினாமாவுக்கு முன்பே கடன் வாங்கிவிடும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. வருமானம் தள்ளாடும் முதல் மாதங்களிலும் தவணைத் தேதி தள்ளாடாது என்பதை அவர்கள் பிறகு தெரிந்துகொள்கிறார்கள். அதற்கு, வாடகை வீட்டில் இன்னும் இரண்டு வருடம் இருப்பது மேல்.