காவல் நாய்களைச் சீவிப் பார்த்தலின் அவசியம்

உழவு மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் குடியானவர்கள் சிரத்தையுள்ளவர்கள் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால், அதே தொழுவத்தின் வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் நாயைக் கையால் தடவிப் பார்ப்பவர் மிகச் சிலரே. எஞ்சிய சோற்றை வைப்பதோடு நாயைப் பற்றிய கடமை தீர்ந்ததென்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் நாய்க்கு மட்டுமன்றி, வளர்ப்பவரின் குடும்பத்துக்கும் கேடு விளைப்பதாகும்.

“நாட்டு நாய்க்கும் இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கும் ரோமம் குட்டையானது, சீப்பு எதற்கு?” என்று கேட்பாருண்டு. சீவுதலின் பிரதான பயன் ரோமத்தின் அழகன்று. சீவும் கை உடலெங்கும் சென்று, கண்ணுக்குத் தெரியாத கேட்டை முதலிலேயே கண்டுபிடிப்பதுதான் அதன் பயன். உதிர்ந்த ரோமமும் அழுக்கும் நீங்குவது அதற்கு அடுத்த லாபம்.

அம்பத்தூர்ப் பகுதியில் இதன் அவசியம் அதிகம். ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த இவ்வூரில் 1964-ல் தொழிற்பேட்டை அமைந்தது. 2011-ல் ஊர் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்தது. பூந்தமல்லி, திருநின்றவூர்ப் பக்கங்களில் எஞ்சியுள்ள வயல்களும் தோட்டங்களும் இன்று வீடுகளோடு நெருங்கி நிற்கின்றன. பகலில் தெருவிலும் வரப்பிலும் திரியும் நாய், இரவில் குழந்தைகள் உறங்கும் திண்ணையருகே படுக்கிறது. அதன்மேல் ஏறிவரும் உண்ணியும் கூடவே வீடு சேர்கிறது.

பழுப்பு நாயுண்ணி வெப்பமான இந்நாட்டில் ஆண்டு முழுவதும் பெருகக்கூடியது. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் தரைச் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே, இன்று எடுக்காமல் விட்ட ஓர் உண்ணி, சில வாரங்களில் ஒரு வீட்டையே நிரப்பிவிடும். இவ்வுண்ணியால் நாய்களுக்கு எர்லிச்சியா முதலிய இரத்த வியாதிகள் வருகின்றன. காய்ச்சல், தீனி எடாமை, ஈறு வெளுத்தல், மூக்கிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவை அபாயக் குறிகள். மனிதருக்கு இந்திய உண்ணிக் காய்ச்சலைக் கொடுப்பதும் இதே உண்ணியே. தெள்ளுப்பூச்சியோ நாடாப்புழு ஒன்றின் கருவைச் சுமக்கிறது. தற்செயலாக அதை விழுங்கும் குழந்தைக்கும் அப்புழு உண்டாகலாம்.

செய்யவேண்டியது அதிகமில்லை. நாள்தோறும் சில நிமிஷம் காதின் உட்புறம், கழுத்து, கால்விரல் இடுக்கு, அக்குள், வாலடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வாரம் இரண்டு மூன்று முறை சீப்பினால் சீவலாம். உண்ணி கண்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். விரலால் நசுக்குதலும், மண்ணெண்ணெய் பூசுதலும், நெருப்பால் சுடுதலும் கூடா. எடுத்த உண்ணியை ஸ்பிரிட்டில் போட்டுவிட்டுக் கைகளைச் சோப்பினால் கழுவுதல் நலம். மழையில் நனைந்த நாயின் காதுகளைத் துடைத்து உலர்த்துவதும் அவசியம்; ஈரம் தங்கினால் காதில் புண் உண்டாகும். சிறு காயமாயினும் அலட்சியம் செய்யலாகாது. ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும்.

பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் ஊற்றி உண்ணியைக் கொல்ல முயலும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது மிகவும் கண்டிக்கத்தக்கது. அம்மருந்து தோல் வழியே உட்செல்வதோடு, நாய் தன் உடலை நக்கும்போது வயிற்றுக்கும் சென்று உயிரைப் போக்கக்கூடும். மருந்து தேவைப்படின் கால்நடை வைத்தியரிடமே கேட்டுப் பெறவேண்டும். 1903-ல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருப்பதால், இப்பகுதியினர்க்கு வைத்திய உதவி தூரமன்று.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கவேண்டிய பயன் மற்றொன்று உண்டு. வெறிநோய் ஒழிய 100 நாய்களுக்கு 70-க்கேனும் தடுப்பூசி போடவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வெறிநோய் கண்டபின் மனிதர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் முகாமுக்கு வைத்தியர் வந்த நாளில், கைபட்டறியாத நாய் பிடிகொடாமல் ஓடிவிடும். அல்லது கடிக்க வரும். குட்டிப் பருவம் முதல் சீப்புக்கும் கைக்கும் பழகிய நாயோ அமைதியாக நிற்கும். சீவுதலே ஊசிக்குச் செய்யும் முன்னேற்பாடு என்பதை உத்தியோகஸ்தர்கள் நாய் வளர்ப்போர்க்கு எடுத்துரைப்பது உசிதம். பழகாத தெருநாயை மட்டும் எவரும் இவ்வாறு தொட முயலலாகாது. கடிபட்டால் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

மாட்டைக் கட்டியபின் அருகிருக்கும் நாயையும் அழைத்துத் தடவிப் பார்ப்பது பெரிய வேலையன்று. பணச் செலவும் அதற்கு இல்லை. வீட்டைக் காக்கும் பிராணியே வீட்டுக்கு வியாதியைக் கொணராதிருக்க, இச்சிறு வழக்கத்தைக் குடியானவர் யாவரும் கைக்கொள்வாராக.